இடப்பக்கச் சலாம்

ஜனவரி 12, வெள்ளி

மருத்துவமனையின் தலைமை நிர்வாகிக்கு நாளை பதிவுத் தபாலில் அனுப்பவிருக்கும் கடிதத்தின் வரைவு:

1. ஜனவரி 3: என் மனைவி ஜுலைகா பீவி, வயது ஐம்பத்தொன்று, பெண்கள் பள்ளியொன்றில் கணித ஆசிரியை. உங்கள் நரம்பியல் நிபுணரைச் சந்திக்க முன்பதிவு செய்து காலை பத்து மணிக்கு வந்தார். உள்ளே அழைக்கப்பட்டது பிற்பகலில். காரணம் சொல்லப்படவில்லை. வருத்தமும் தெரிவிக்கப்படவில்லை.

2. அதே நாள்: நிபுணர் தம் கேள்விகள் அனைத்தையும் நோயாளியிடம் கேட்காமல் என்னிடமே கேட்டார். பேச்சு எவ்வளவு நேரம் நின்றுபோகிறது, எந்தக் கண் இருட்டுகிறது, எந்தக் கை மரத்துப்போகிறது, குறிப்பிட்ட ஏதேனும் ஒரு செயலின்போது வருகிறதா என்று வரிசையாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் நான் தெளிவாகப் பதில் அளித்தேன். எதிரில் நோயாளி என ஒருவர் அமர்ந்திருந்ததை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

3. ஜனவரி 5: கழுத்து இரத்த நாளங்கள் ஒலி அலைக் கருவியால் பரிசோதிக்கப்பட்டன. அறிக்கை: “இயல்பு. இடப்பக்க நாளத்தில் சற்று வளைவு, பலருக்கும் இருப்பது.” எவ்வளவு வளைவு, என்ன கோணம் என்று கேட்டேன். “சார், இது பாலம் கட்டுற வேலை இல்ல” என்று பதில் வந்தது. நான் பாலம் கட்டுபவன் அல்லன். நீரியல் பேராசிரியன்.

4. ஜனவரி 8: “மனப்பதற்றம், மாதவிடாய் நிற்கும் வயதில் வருவது” என்று எழுதித் தூக்க மாத்திரை தரப்பட்டது. வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்கப்பட்டது. அந்தக் கேள்வியும் என்னைப் பார்த்தே கேட்கப்பட்டது.

5. அதே நாள்: உங்கள் செவிலியர் என் மனைவியைப் “பெரியம்மா” என்று அழைத்தார். இக்குறை நோயாளியின் தனிப்பட்ட வற்புறுத்தலின் பேரில் சேர்க்கப்படுகிறது.

இவற்றுக்குப் பதினைந்து நாள்களுக்குள் எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு, முனைவர் செய்யது மசூது.

எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன். பக்கத்து அறையில் ஜுலைகா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். எரிவாயு முகவருக்கும் வங்கிக்கும் மின்வாரியத்துக்கும் நான் எழுதும் கடிதங்களை அவள் ‘நோட்டீஸ்’ என்பாள். கல்யாணமான புதிதில் அவளுடைய வாப்பாவுக்கே ஒன்று போனது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அது நோட்டீஸ் அன்று. விளக்கக் கடிதம்.

“அந்தப் பெரியம்மாவ மொத நம்பரா போடுங்க மச்சான். மத்ததெல்லாம் பொறவு” என்றாள்.

தேதி வரிசைப்படிதான் போட முடியும் என்று விளக்கினேன்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல் விடுமுறை. மேல்தளத் தொட்டியின் மிதவை வால்வை மாற்றினேன். எதிர்வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வந்தது.

ஜுலைகா கட்டிலில் தன் இடத்தை மாற்றிக்கொண்டுவிட்டாள். இதுவரை எனக்கு வலப்பக்கம் படுத்தவள், இப்போது இடப்பக்கம். காற்றாடிக் காற்று நேராக முகத்தில் அடிக்கிறதாம். கல்யாணமான நாளிலிருந்து இருக்கும் அதே காற்றாடி, அதே கட்டில். என் தலையணையைத் தூக்கி மறுபக்கம் போட்டாள். அவ்வளவுதான்.

ஜனவரி 27, சனி

கெடு முடிந்தது. கடிதம் வரவில்லை. கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது கடிதம் எழுதினேன். கையெழுத்து சற்றும் நடுங்கவில்லை. கோபம் வந்தால் என் கையெழுத்து இன்னும் அழகாக வருகிறது என்று ஜுலைகா சொல்வதுண்டு.

பிப்ரவரி 6, செவ்வாய்

தேநீர்க் குவளை அவள் வலக்கையிலிருந்து நழுவி விழுந்தது. நான் அவளுக்கு இடப்புறம் நின்று, பால் வாங்கிவந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள், குவளை விழுந்தது, சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, கை ஈரமாக இருந்தது, வழுக்கிவிட்டது என்றாள்.

அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. உடைந்ததைப் பெருக்கி அள்ளினேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

நண்பகல் தொழுகை நேரத்தில் பக்கத்து வீட்டு உம்மு ஹபீபா வந்தார். ஜுலைகா தொழுது முடித்துத் தொழுகை விரிப்பான முசல்லாவில் அப்படியே அமர்ந்திருந்தாள். முகம் இடத்தோளை நோக்கி இருந்தது. உதடுகள் லேசாக அசைந்தன. உம்மு ஹபீபா செருப்பைக் கழற்றிய இடத்திலேயே நின்றுவிட்டார். ஜுலைகா ராத்தா முசல்லாவில் உட்கார்ந்தால் இந்த உலகத்திலேயே இருப்பதில்லை, இப்படி உருகித் துஆ கேட்கிற பெண்ணை இந்தத் தெருவில் பார்த்ததில்லை என்று என்னிடம் கிசுகிசுத்துவிட்டுக் கொழுக்கட்டைக் கிண்ணத்தை வைத்துவிட்டுப் பின்வாங்கினார்.

சில மாதங்களாகவே தொழுகைக்குப் பின் ஜுலைகா கேட்கும் துஆ, அந்த வேண்டுதல், நீண்டுகொண்டு போகிறது. ஆகவே இந்த வீட்டில் ஒரு ஒழுங்கு கொண்டுவந்திருக்கிறேன். அவள் தொழுது முடித்து எழும்வரை தொலைக்காட்சி கூடாது. கைபேசி ஒலிக்கக் கூடாது. யாரும் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது. அந்த அறைக்குள் நுழையவே கூடாது. தொழுகிறவர்களுக்கு மற்றவர்கள் செய்யும் குறைந்தபட்ச மரியாதை அது. நான் வெள்ளிக்கிழமை மட்டும் பள்ளிவாசலுக்குப் போகிறவன். இந்த மரியாதையிலாவது குறை வைக்கக் கூடாது.

மார்ச் 12, செவ்வாய்

முதல் நோன்பு. நேற்றிரவே சிறப்புத் தொழுகை தொடங்கிவிட்டது. நின்று, குனிந்து, சிரம் பணியும் சுற்று ஒரு ரக்அத்; அப்படி இருபது, இரண்டுக்கு ஒரு சலாம். ஜுலைகா வீட்டிலேயே தொழுதாள். நான் ஒழுங்கின்படி கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தில் இருந்தேன்.

இன்று விடியலுக்கு முன் சாப்பிட அமர்ந்தபோது முகம் வெளிறியிருந்தது. ‘தயிர்’ என்ற சொல் வரவில்லை. விரலால் சுட்டிக்காட்டினாள். தூக்க மாத்திரைதான் காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. மருத்துவமனைக்கு மூன்றாவது கடிதம் எழுதிவிட்டேன்.

மார்ச் 14, வியாழன்

கல்லூரியிலிருந்து முன்னதாகவே வந்துவிட்டேன். மாலைத் தொழுகையான அஸர் நேரம். ஜுலைகா முசல்லாவை விரித்துக்கொண்டிருந்தாள். நானும் தொழுகிறேன் என்றேன். அலமாரியின் அடித்தட்டிலிருந்து இன்னொரு முசல்லாவை எடுத்து, தன்னுடையதற்குச் சற்று முன்னால் விரித்தாள். மடித்த தடம் அழுத்தமாக விழுந்திருந்தது. அதைக் கையால் நீவிவிட்டாள்.

இதை நான் செய்தது அவளுக்குப் பலவீனம் எந்த நேரத்தில் வருகிறது என்று அவதானிக்க மட்டுமே.

நான்கு ரக்அத். கடைசி அமர்வு. தொழுகையை முடிக்க முகத்தை முதலில் வலத்தோள் பக்கம் திருப்பிச் சலாம் சொல்ல வேண்டும்; பிறகு இடத்தோள் பக்கம். வலப்பக்கம் திரும்பிச் சொன்னேன்; பின்னாலிருந்து அவள் குரலும் மெல்ல வந்தது. இடப்பக்கம் திரும்பிச் சொன்னேன். பின்னாலிருந்து எதுவும் வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன்.

அவள் முகம் இடத்தோள் மீதே நின்றிருந்தது. கண்கள் திறந்திருந்தன. வலக்கை தொடையிலிருந்து நழுவி, உள்ளங்கை மேலே தெரிய, முசல்லாவில் கிடந்தது. உதடுகள் அசைந்தன. எல்லோரும் அடிமேல் அடி வைத்து அறையைவிட்டு வெளியேறும் நேரம் இதுதான். நான் அவள் பெயரைச் சொல்லி அழைத்தேன். பதில் இல்லை. இரண்டு கைகளாலும் அவள் முகத்தைப் பிடித்து நேராக்கினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று காரணம் காட்ட என்னால் முடியாது. மடிந்திருக்கும் எதையும் நேராக்கத்தான் கை போகும்.

கொஞ்சம் கொஞ்சமாக முகத்தில் இரத்தம் ஏறியது. விரல்கள் அசைந்தன. என் கைகளுக்குள் இருந்தபடியே சொன்னாள்.

“நான் துஆ கேட்டுட்டிருக்கேன்னுதான் நினைச்சீங்க, என்ன?”

“எப்பவும் இப்படித்தானா?”

“இடது பக்கம் திரும்பினா மட்டும்.”

“தெரிஞ்சுக்கிட்டே ஏன் டாக்டர்ட்ட சொல்லல?”

“அவரு எங்கிட்ட எங்க கேட்டாரு? உங்கட்ட கேட்டாரு. அப்படி ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டீங்க. பொறவு நான் வாயத் தொறந்தா, உங்கள பொய்யாக்குன மாதிரி ஆகும்லா.”

குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. என் முழங்கையைத் தட்டிக்கொடுத்தபடிதான் சொன்னாள். வகுப்பில் கரும்பலகையிலிருந்து வலப்பக்கமாகவே திரும்புவதையும், தெருவைக் கடக்க உடம்போடு சேர்ந்து திரும்புவதையும், பழகிப்போன வேலைகளைச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள். கட்டிலில் இடம் மாறியதும் அதனால்தான். பழைய இடத்தில் மல்லாந்து படுத்தால் என்னைப் பார்க்க இடப்பக்கம் திரும்ப வேண்டியிருந்ததாம்.

அவ்வளவு தெரிந்தவள் தொழுகையில் மட்டும் ஏன் திரும்ப வேண்டும் என்று கேட்டேன்.

“அது முடிக்கிறது, மச்சான். முடிக்காம எப்படி எந்திரிக்க?”

ஜனவரி 15 குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன். காற்றாடியில் எந்தக் கோளாறும் இல்லை.

மார்ச் 15, வெள்ளி

மருத்துவமனைக்கு எழுதிய புகாரில் இரண்டாவது குறை நீக்கப்படுகிறது.

மார்ச் 18, திங்கள்

மதுரை. இரத்த நாள அறுவை நிபுணர் டாக்டர் ஹெப்சிபா. நாற்பதைக் கடந்தவர், நேராகப் பேசுகிறவர். உள்ளே போனதும் ஜுலைகாவின் முகத்துக்கு நேராகத் தம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் கேட்ட முதல் கேள்விக்கு நான் வாயெடுத்தேன்.

“சார், உங்களுக்குத் தனி டோக்கன் போடணும்” என்றார்.

ஜுலைகா சிரித்தாள். நான் சுவரோரம் அமர்ந்துகொண்டேன்.

கதையைக் கேட்டு முடித்ததும், படுக்க வைத்துப் பார்த்தால் அது தெரியாது, எப்படி அமர்ந்து தொழுவீர்களோ அப்படியே இருங்கள் என்றார். ஜுலைகா பரிசோதனைக் கட்டிலின் மேல் கால் மடித்து அமர்ந்தாள். டாக்டர் கருவியை அவள் கழுத்தின் இடப்பக்கம் வைத்தார். ஒலிபெருக்கியில் சத்தம் வந்தது. வாய்க்காலில் மடை திறந்ததும் நீர் ஒவ்வொரு தள்ளாகப் பாய்வது போன்ற சத்தம். அவளோடு இத்தனை ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறேன். அவளுக்குள் அது இவ்வளவு உரக்க ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது.

வலப்பக்கம் திரும்பச் சொன்னார். சத்தம் மாறவில்லை. இடப்பக்கம் திரும்பச் சொன்னார். சத்தம் மெலிந்து, சீட்டியைப் போல நீண்டு, நின்றது.

ஓட்டத்தைப் பற்றி இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். ஓட்டம் நிற்கும் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

“போதும், நேராப் பாருங்கம்மா” என்றார் டாக்டர். அதற்குள் நான் எழுந்து நின்றிருந்தேன்.

அவர் விளக்கியதைச் சுருக்கமாக எழுதிவைக்கிறேன். மூளைக்குச் செல்லும் இடக் கழுத்து நாளம் ஜுலைகாவுக்குத் தேவையைவிட நீளமாக அமைந்திருக்கிறது. இருக்கும் இடத்துக்குள் அடங்க வேண்டி அது கொக்கியைப் போல வளைந்து கிடக்கிறது. தலை நேராக இருக்கும்போது வளைவின் வழியே இரத்தம் போய்விடும். இடப்பக்கம் திரும்பும்போது வளைவு மடிந்து வழி அடைபடுகிறது. மூளைக்கு அடியில் நாளங்களெல்லாம் ஒரு வளையமாக இணைந்திருக்குமாம். ஒரு பக்கம் நின்றால் மறுபக்கம் கொடுக்கும். அவளுக்கு அந்த இணைப்பும் நூலைப் போல மெலிந்திருக்கிறது. இடப்பக்க மூளை பேச்சுக்கும் வலக்கைக்கும் உரியது. ஆகவே அவை இரண்டும் முதலில் அணைகின்றன.

மருந்தேற்றும் குழாய் ஒன்றை வளைத்துக் காட்டி அவர் இதைச் சொன்னார். குழாய் வளைவைப் பற்றி என்னிடம். நான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன். வளைவின் உட்புறத்தில் ஓட்டம் சுவரைவிட்டுப் பிரிந்து சுழலும். தாமிரபரணி வளைகிற இடத்தில் உட்கரையில் மணல் சேர்வது அதனால்தான். அப்படியென்றால் இங்கே என்ன சேரும் என்று மட்டும் கேட்டேன்.

டாக்டர் குழாயைக் கீழே வைத்தார். “இரத்தக் கட்டி” என்றார். “அதுதான் எனக்கும் பயம்.”

நாளத்தை வெட்டிச் சுருக்கி நேராக்கித் தைக்க வேண்டும். செய்யாவிட்டால், ஒரு நாள் அந்தச் சுழலிலிருந்து ஒரு துணுக்கு கிளம்பி மேலே போகலாம். செய்தால், செய்யும்போதே அது நடக்கலாம். நடந்தால் போகக்கூடியது பேச்சு. இரண்டில் எது குறைவான ஆபத்து என்பதில் டாக்டருக்குச் சந்தேகமில்லை. செய்வதுதான்.

பிறகு, மற்ற டாக்டர்களைப்போல அவரும் என்னைப் பார்த்தார். நான் ஜுலைகாவைப் பார்த்தேன். எனக்குச் சொல்ல வேண்டியவை நிறைய இருந்தன. சொல்லவில்லை.

“பேச்சு போனா திரும்ப வருமா டாக்டர்?” என்று கேட்டாள்.

பெரும்பாலும் வரும், உறுதி சொல்ல முடியாது என்றார்.

“சரி. பண்ணுங்க. ஜூன்ல எனக்கு பத்தாங்கிளாஸ் இருக்கு.”

மார்ச் 20, புதன்

ஏப்ரல் 2 அன்று அறுவை சிகிச்சை. அதுவரை கழுத்தைத் திருப்பக் கூடாது. கழுத்துப் பட்டை போட்டிருக்கிறாள். நோன்பு வைக்கவும் கூடாது. பள்ளிவாசலில் தொழுவிக்கும் ஹஜ்ரத்தைப் போய்ப் பார்த்தேன். நோயாளி முகத்தைத் திருப்பாமல் நேராக வைத்தே சலாம் சொல்லலாம், தொழுகை நிறைவேறிவிடும் என்றார். இவ்வளவு எளிதான விஷயத்தை அவள் யாரிடமும் கேட்டதில்லை.

செய்தியைச் சொன்னேன். பட்டைக்கு மேல் முகத்தை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

“அல்லாஹ் ஏத்துக்கிடுவான். இடது தோள்ல உக்காந்து பாவத்த எழுதுற மலக்குக்குத்தான் கோவம் வரும். சலாம் சொல்லலன்னு கூட ரெண்டு எழுதிருவாரு.”

“வானவர் அப்படியெல்லாம் எழுதமாட்டார்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்? ஓ, உங்க உத்தியோகம்லா அவருக்கும். தேதி போட்டு, நம்பர் போட்டு...”

பட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் கழுத்து அசையும் என்று எச்சரித்தேன்.

மார்ச் 31, ஞாயிறு

மகள் சுமையா கோயம்புத்தூரிலிருந்து வந்துவிட்டாள். துணிப்பையில் என்னென்ன வைக்க வேண்டும் என்று அம்மாவும் மகளும் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஜுலைகா இன்று நிறையப் பேசினாள். தலைமை ஆசிரியையுடன், உம்மு ஹபீபாவுடன், காய்கறிக்காரருடன். ஒரே கதையை மூவரிடமும் மூன்று விதமாகச் சொன்னாள். கத்தரிக்காய் விலையைப் பற்றி என்னிடம் நீண்ட நேரம் பேசினாள். கத்தரிக்காய் விலை எனக்குத் தெரியும். இடைமறிக்கவில்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

காலையில் அழைத்துச் சென்றார்கள். தள்ளுகட்டிலில் படுத்தபடியே என் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள்.

ஏப்ரல் 3, புதன்

நாளம் நேராகிவிட்டது. ஓட்டம் முழுமையாக இருக்கிறது. டாக்டர் ஹெப்சிபா ஒலிபெருக்கியில் கேட்கவைத்தார். பழைய சத்தம்தான், இன்னும் அகலமாக.

பேச்சு வரவில்லை.

ஏப்ரல் 4, வியாழன்

செய்யும்போது ஒரு சிறு துணுக்கு மேலே போயிருக்கிறது. டாக்டரே வந்து அமர்ந்து சொன்னார். எதையும் மறைக்கவில்லை; காரணம் சொன்னார்; வருத்தம் தெரிவித்தார். அவர் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

ஜுலைகாவுக்குக் கேட்பதெல்லாம் புரிகிறது. வலக்கையில் பிடி தளர்ந்திருக்கிறது. சொல்ல நினைப்பது உதடுவரை வந்து திரும்பிப் போகிறது. அதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியிருக்கிறது. மூளையில் பாதிக்கப்பட்டது கொஞ்ச இடம்தான், சுற்றுவழி உருவாகும், ஆனால் அது தானாக உருவாகாது, தினமும் ஏதாவது எழுத வேண்டும், எழுத்து வந்தால் பேச்சு பின்னாலேயே வரும் என்றார் டாக்டர். முதல் சில வாரங்கள் முக்கியம்.

செவிலியர் வந்து, எப்படி இருக்காங்க என்று என்னைக் கேட்டார். அவங்களிடம் கேளுங்கள் என்றேன்.

ஏப்ரல் 6, சனி

வீடு திரும்பினோம். சுமையாவுக்கு அலுவலக வேலை இருந்ததால் நோன்புக் கஞ்சியை நான் காய்ச்சினேன். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு எல்லாம் அளவு பார்த்தே போட்டேன். நீரின் அளவில்தான் பிழை ஏற்பட்டது. நீரியல் பேராசிரியனுக்கு இது நேர்ந்திருக்கக் கூடாது.

“வாப்பா, கரண்டி நட்டமா நிக்குது. இந்தக் கலவைய வச்சு மாடியில இன்னொரு ரூம் கட்டப் போறீங்களா?” என்றாள் சுமையா.

ஜுலைகாவின் தோள்கள் குலுங்கின. வாய் திறந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சத்தம் மட்டும் இல்லை.

ஏப்ரல் 11, வியாழன்

பெருநாள். பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்தேன். ஜுலைகா நாற்காலியில் அமர்ந்து தொழத் தயாராக இருந்தாள். பட்டையை எடுத்துவிடலாம் என்று நேற்றுத்தான் டாக்டர் சொன்னார். கழுத்தில் தையல் தடம் இன்னும் சிவந்திருக்கிறது. நானும் அவளோடு தொழுகிறேன் என்றேன். முன்னால் விரிக்கப்பட்ட முசல்லாவை நானே பின்னால் இழுத்து, அவளுக்கு இடப்பக்கத்தில் போட்டுக்கொண்டேன். முறைப்படி அது சரியன்று என்று எனக்குத் தெரியும்.

வலப்பக்கச் சலாம். பிறகு அவள் இடப்பக்கம் திரும்பினாள். மெல்ல, கதவைத் திறந்து பார்ப்பதுபோல. முகம் தோள்வரை வந்தது. நின்றது. கண்கள் என்னைப் பார்த்தன. இரண்டு கண்களும். வலக்கை மடியை விட்டு நழுவவில்லை. உதடுகள் சலாத்தைச் சொல்லின. ஓசை வரவில்லை, ஆனால் எழுத்தெழுத்தாகப் படிக்க முடிந்தது.

அவள் அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துஆ நீண்டது. நான் அறையைவிட்டுப் போகவில்லை.

ஏப்ரல் 13, சனி

கட்டிலில் தன் பழைய இடத்துக்கு வந்துவிட்டாள். என் தலையணையைத் தூக்கி மறுபக்கம் போட்டாள். காற்றாடியைப் பற்றி எதுவும் பேசப்படவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

பயிற்சிக்காகச் சுமையா வாங்கி வந்த கோடு போட்ட நோட்டில், ‘அம்மா’, ‘ஆடு’, ‘இலை’ என்று புள்ளி வைத்து எழுதியிருக்கிறது. மேலேயே பேனாவை ஓட்டினால் போதும். ஜுலைகா அதைப் பார்த்தாள். வகுப்பில் காப்பியடித்தவளைப் பார்க்கும் பார்வை. நோட்டு கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. சுமையா கெஞ்சினாள். நான் கெஞ்சவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குத் தேற்றம் நிறுவிக் காட்டியவள் ஆட்டின் மேல் பேனா ஓட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

ஆனால் நாள்கள் போகின்றன. அவள் பேனாவைத் தொடவில்லை.

ஏப்ரல் 16, செவ்வாய்

பழைய மருத்துவமனையிலிருந்து ஒருவழியாகக் கடிதம் வந்தது. “தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்.” கூடவே முழு உடல் பரிசோதனைக்கு இருபது விழுக்காடு தள்ளுபடிச் சீட்டு. கழுத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லி ஒரு வார்த்தை இல்லை. அடுத்து அங்கே போகிற பெண்ணும் மல்லாந்து படுத்து, இயல்பு என்று எழுதி வாங்கி, தூக்க மாத்திரையோடு திரும்புவாள். என் கோபம் சற்றும் தணியவில்லை. மதுரைப் பரிசோதனையின் நகலோடு அவர்களுக்குப் பதில் போகும். அவர்களுக்கு மேலுள்ளவர்களுக்கும் போகும்.

படித்துவிட்டு ஜுலைகாவிடம் நீட்டினேன். தள்ளுபடிச் சீட்டைப் பார்த்ததும் புருவம் ஏறியது. விரல் காற்றில் எதையோ எழுதியது. எழுதியது என்னவென்று தெரியவில்லை. எழுதியது என்பது தெரிந்தது.

மருத்துவமனைக்கான கடிதம் காத்திருக்கலாம். அதைவிட அவசரமாக ஒன்று இருக்கிறது.

ஏப்ரல் 17, புதன்

நேரில் கொடுக்கப்படுகிறது. நகல் இங்கே.

மதிப்பிற்குரிய ஜுலைகா பீவி அவர்களுக்கு,

கீழ்க்காணும் குறைகள் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரப்படுகின்றன.

1. ஜனவரி 15: நன்றாக இயங்கிக்கொண்டிருந்த ஒரு காற்றாடியின் மீது தாங்கள் ஆதாரமற்ற குற்றச்சாட்டைச் சுமத்தினீர்கள். அது இன்றுவரை திரும்பப் பெறப்படவில்லை.

2. பிப்ரவரி 6: கை ஈரமாக இருந்ததாகக் கூறினீர்கள். கை காய்ந்திருந்தது. நான் அதைப் பிடித்துப் பார்த்தேன் என்பது தங்களுக்கும் தெரியும்.

3. மார்ச் 14: மருத்துவர் தங்களிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டதாகவும், நான் பதில் சொல்லிவிட்டதாகவும் தெரிவித்தீர்கள். அதன்பின் தங்கள் நலம் குறித்து டாக்டர் ஹெப்சிபா, தலைமை ஆசிரியை, உம்மு ஹபீபா, காய்கறிக்காரர் ஆகியோர் என்னிடம் கேட்ட கேள்விகள் எதற்கும் நான் பதில் சொல்லவில்லை. அவை அனைத்தும் தங்களிடம் நிலுவையில் உள்ளன. தங்களுக்காகப் பதில் சொல்ல இந்த வீட்டில் இனி யாருக்கும் அதிகாரம் கிடையாது.

4. மார்ச் 20: என்னை இடத்தோளில் அமர்ந்திருக்கும் மலக்குடன் ஒப்பிட்டீர்கள். இது பாராட்டா, புகாரா என்பது தெளிவாக இல்லை. விளக்கம் தேவை.

5. ஏப்ரல் 6: நான் காய்ச்சிய கஞ்சியைக் கண்டு சத்தமில்லாமல் சிரித்தீர்கள். இதை முழுமையான சிரிப்பாக ஏற்பதற்கில்லை. மீதி வழங்கப்பட வேண்டும்.

6. ஏப்ரல் 11: பெருநாளன்று இடப்பக்கம் திரும்பித் தாங்கள் என்னிடம் எதையோ சொல்ல முற்பட்டதாக நினைக்கிறேன். சலாம் நீங்கலாக, மற்றதை என்னால் படிக்க முடியவில்லை. அது என்ன என்பதை அறிய எனக்கு உரிமை உண்டு.

தங்கள் பதில் நீளமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு சொல்லும் பதிலாகக் கொள்ளப்படும். இடக்கையால் எழுதியதும் ஏற்கப்படும். கோணல், பிழை, அடித்தல், திருத்தல் எதுவும் தங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளப்படாது. என் மீதான எதிர்ப்புகார்கள் பெரிதும் வரவேற்கப்படுகின்றன. அவற்றுக்கு எண் இடுவதும் இடாததும் தங்கள் விருப்பம். பேனாவும் தாளும் கட்டிலின் இடப்பக்கம், தாங்கள் திரும்பினால் கண்ணில் படும் இடத்தில், வைக்கப்பட்டுள்ளன.

தங்கள் கைப்பட எழுதிய பதில், வருகின்ற மே மாதம் 2ஆம் தேதி, வியாழக்கிழமை, மாலை ஐந்து மணிக்குள் என் கையில் கிடைக்க வேண்டும்.